இருபது ரூபாய் முத்திரைத்தாளும் என் மூன்று லட்சமும்

பத்தாண்டுகளுக்கு முன் பொது மாறுதல் கலந்தாய்வில் எனக்கு வேறு மாவட்டத்தில் இடம் கிடைத்தது. ஆணை கைக்கு வந்த சில நாள்களில் புதிய பள்ளியில் சேர்ந்தாக வேண்டும். கூடவே மனைவி, இரண்டு பிள்ளைகள், வேனில் ஏற்றத் தயாராக இருந்த சாமான்கள். இந்த நிலையில் வீடு தேடுபவருக்கு எதையும் விசாரிக்கும் பொறுமை இருப்பதில்லை. தரகர் காட்டிய மாடி வீடு பிடித்துப்போனது. மாத வாடகை கிடையாது, மூன்று லட்சம் ஒத்தி, மூன்று ஆண்டு கழித்துக் காலி செய்யும்போது பணம் அப்படியே திரும்பக் கிடைக்கும் என்றார்கள். சேமிப்போடு நகைக்கடனையும் சேர்த்துக் கொடுத்தேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

பதினான்காம் மாதம் வெளிக்கதவில் ஒரு வங்கியின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. உரிமையாளர் எனக்கு முன்பே அந்த வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, தவணை கட்டாமல் விட்டிருந்தார். கடனுக்கு ஈடான சொத்தை நீதிமன்ற வழக்கு இல்லாமலே வங்கி தன் வசம் எடுத்துக்கொள்ள 2002-ஆம் ஆண்டின் சர்பேசி சட்டம் வழி செய்கிறது. வங்கியின் ஒப்புதல் இல்லாமல் பின்னால் வந்து பணம் கொடுத்த என் ஒத்தி வங்கியைக் கட்டுப்படுத்தவில்லை. காலி செய்தோம். உரிமையாளரிடமிருந்து தவணை தவணையாக ஒரு லட்சத்து எண்பதாயிரம் வந்தது. மீதி இன்றுவரை வரவில்லை.

எங்கே தவறினேன் என்பதை வழக்கறிஞர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பணம் கொடுத்து, வீட்டை அனுபவித்து, பணம் திரும்பியதும் ஒப்படைக்கும் ஒத்தி, சட்டத்தின் பார்வையில் ஒருவகை அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட்ட ஆவணமாக இருக்க வேண்டும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்கிறது. முத்திரைத்தாளில் எழுதினாலே பதிவு ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். முத்திரைத்தாள் கடையில் வாங்குவது. பதிவு என்பது சார்பதிவாளர் முன்னால் நடப்பது. பதிவுக்குப் போயிருந்தால் அதற்கு முன் வில்லங்கம் பார்த்திருப்பேன், அடமானமும் தெரிந்திருக்கும். சமூக அறிவியல் நடத்தும் எனக்கு இது தெரியாமல் போனதைப் பள்ளியில் வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது.

மாத வாடகை வீட்டில் இவ்வளவு பெரிய ஆபத்து இல்லை. ஆனால் முன்பணம் சிக்கிக்கொள்ளும். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் நடைமுறையில் உள்ளது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இந்த 'எழுதிக்கொள்ளாதவரை'யில்தான் சிக்கல். பத்து மாத முன்பணம் என்று அச்சடித்த தாளில் நாமே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. வாடகைத் தகராறு என்பதற்காகக் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது.

குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழிப்பது பல ஊர்களில் வழக்கம்; கழிப்பார்களா, எவ்வளவு என்பதைத் தாளில் ஏற்றிவிடுவது நல்லது. மின்சாரத்துக்குத் தனி இணைப்பு எண் உண்டா, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் கேட்பாரா என்பதையும் கேளுங்கள்.

வாங்குவதற்கு வருகிறேன். மாதச் சம்பளச் சான்று இருப்பதால் ஆசிரியர்களுக்கு வங்கிக் கடன் எளிது. அது மனை விற்பவர்களுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேன், மதியச் சாப்பாடு, ஓய்வறை மேசையில் வண்ணத் துண்டறிக்கை, "டீச்சர், இந்த வாரம் மட்டும் இந்த விலை" என்ற பேச்சு எல்லாம் நாம் பார்த்தவைதான். அவர்களிடம் நான் முதலில் கேட்பது மனைப்பிரிவுக்கு டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம், ரெரா பதிவு எண் ஆகிய இரண்டையும்தான். எண் சொன்னால் இணையத்தில் நாமே பார்த்துக்கொள்ளலாம். ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகளுக்காவது பார்ப்பது வழக்கம். ஆனால் அதில் தெரியாதவையும் உண்டு. என்னுடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் வாங்கிய மனையில் வில்லங்கம் ஏதும் இல்லை, பட்டாவும் சரியாக இருந்தது. இறந்துபோன தந்தையின் பெயரில் இருந்த நிலத்தை மூன்று மகன்களும் கையெழுத்திட்டு விற்றிருந்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் கையெழுத்திடவில்லை. வீடு கட்டி முடித்த பிறகு அந்தப் பெண் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அதில் அவர்மேல் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயில் எழுதாமல் தந்தை இறந்தால் அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, தாய், மகன், மகள் அனைவருக்கும் சமபங்கு என்பது 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். திருமணமானதால் மகளின் பங்கு போய்விடாது. வாரிசுரிமை பத்திரம் இல்லாமலே வந்து சேர்வதால் வில்லங்கச் சான்றில் ஏறுவதில்லை. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் கிரையப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விற்பவர் 'பவர்' வைத்திருப்பவராக இருந்தால், எழுதிக்கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய் விசாரியுங்கள். பொதுவாக, அவர் இறந்ததும் பவரும் முடிந்துவிடும்.

வங்கி கடன் கொடுத்துவிட்டதால் எல்லாம் சரியாக இருக்கும் என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. வங்கி தன் கடனுக்காகப் பார்க்கிறது. நிலம் கைவிட்டுப் போனாலும் தவணை நம் சம்பளத்தில்தான். தனியாக ஒரு வழக்கறிஞரிடம் மூலப்பத்திரம் முதல் காட்டிக் கருத்து வாங்க ஆகும் செலவு, பத்திரச் செலவோடு ஒப்பிட்டால் சிறியது. புலப்படத்தை வைத்து நில அளவரைக் கொண்டு அளந்து, நான்கு எல்லையும் தரையில் காட்டச் சொல்லுங்கள். பத்திரத்தில் இருக்கும் இரண்டு சென்ட் சில இடங்களில் பக்கத்து வீட்டுச் சுவருக்குள் இருக்கும்.

அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973-இன்படி அசையாச் சொத்து வாங்குவதையும் விற்பதையும் துறைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மனைவி அல்லது கணவர் பெயரில் வாங்கினாலும்தான். பத்திரம் முடிந்த பிறகு நினைவு வந்து விளக்கம் எழுதிக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடிதம் கொடுத்ததும் ஒப்புகை பெற்றுக் கோப்பில் வையுங்கள்.

சென்ற ஜூனில் எங்கள் பள்ளிக்கு மாறுதலாகி வந்த இளம் ஆசிரியை ஒருவர் ஐந்து லட்சம் ஒத்திக்கு வீடு பேசி முடித்திருந்தார். மறுநாள் பணம் கொடுப்பதாக இருந்தது. மதிய இடைவேளையில் அவர் கைப்பேசியிலேயே வில்லங்கம் பார்த்தோம். கடைசிப் பதிவு, ஒரு வங்கிக்கு அடமானம். "அண்ணா, வீட்டுக்காரம்மா ரொம்ப நல்லவங்க, எப்படிக் கேக்கறது?" என்றார். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் கேட்காமல் இருந்தேன் என்றேன். அன்று மாலை கேட்டார். கடன் இருப்பதை அந்த அம்மா மறைக்கவில்லை, ஒத்திப் பணத்தில்தான் அதை அடைப்பதாக இருந்தாராம். ஆசிரியை இப்போது இரண்டு நிறுத்தம் தள்ளி, மாத வாடகைக்கு இருக்கிறார்.