ஆட்டக்கோலும் தச்சுக்கலையும்

வீணை செய்வோனைக் கலைஞன் என்கின்றோம். தேர் சமைத்த தச்சனைச் சிற்பி எனப் போற்றுகின்றோம். விளையாட்டுக் கருவி செய்வோனை அவ்வரிசையில் வைத்தெண்ணும் வழக்கம் நம்மிடையே இல்லை. ஆயினும் அமெரிக்க நாட்டிற் 'பூல்' என வழங்கும் மேசைப் பந்தாட்டத்துக்குரிய கோலைத் தம் கையாற் செய்த சிலரின் பெயர், அவர்கள் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னரும், ஆட்டத்தில் வென்றோர் பெயருக்கு நிகராகப் பேசப்பட்டு வருகின்றது. வெறும் தடி போலத் தோன்றும் ஒரு பொருளில் அத்துணைப் பெருமை எவ்வாறு அமைந்தது? அதன் அழகு எங்கிருந்து பிறந்தது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நமக்கும் இதில் ஓர் உரிமையுண்டு. அவ்வுயர்ந்த கோல்களுக்குக் கருமை தந்த மரங்களுள் நம் நாட்டுக் கருங்காலியும் ஒன்று.

கோல் பிறந்த கதை

மேசைப் பந்தாட்டம் ஐரோப்பாவில் வளரத் தொடங்கிய காலத்தில், அகன்ற தலை பொருந்திய 'மேஸ்' என்னும் தடியினாலேயே பந்தைத் தள்ளினர். பந்து மேசையின் கரையை அடுத்து நின்றால் அவ்வகன்ற தலை அதனைச் செவ்வையாகத் தீண்ட இயலாது. அவ்வேளையில் தடியைத் திருப்பி, அதன் வாலால் உந்தினர். வாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லாகிய 'கியூ' என்பதே பின்னர் கோலுக்குப் பெயராயிற்று.

வெறும் மரநுனி பந்தின் நடுவிலன்றிப் பிறிதோரிடத்திற் பட்டால் வழுக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை அதிகாரியாகிய பிரான்சுவா மிங்கோ என்பார், நுனியில் தோல் பதித்த கோலால் ஆடிக்காட்டி அம்முறையைப் பரப்பினார். தோல் பந்தைப் பற்றியது. பற்றவே பந்து விரும்பியவாறு சுழன்றது. 1897இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ், வில்லியம் ஹொஸ்கின்ஸ் என்னும் அமெரிக்கர் இருவர், அத்தோலிற் பூசுதற்கேற்ற புதுவகைச் சுண்ணக்கட்டிக்குக் காப்புரிமை பெற்றனர். நுனியும் பந்தும் கூடி நிற்பது ஒரு விநாடியின் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கு நேரமே. கோலின் அமைப்பு முழுவதும் அந்த நொடிப்பொழுதை நோக்கியதேயாம்.

இவ்வாட்டக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரிற் பிரித்தானியப் படை அதிகாரிகளிடையே தோன்றி, 1882இல் உதகமண்டலத்துக் கழகத்தில் விதிகள் வகுக்கப்பெற்றது. பில்லியட்ஸ் ஆட்டத்தில் நம் நாட்டவரான எம். ஜே. எம். லாபிர் 1973இற் பம்பாயில் உலக அமெச்சூர் வாகை சூடியதை மூத்தோர் நினைவிற் கொண்டிருப்பர். எனினும் இங்கு நாம் எடுத்துக்கொண்டது அமெரிக்க மரபிற் கையாற் செய்யப்படும் கோலையே.

மரமும் பொறுமையும்

இக்கோல் பெரும்பாலும் 57 அல்லது 58 அங்குல நீளமும் 18 முதல் 21 அவுன்ஸ் வரை நிறையும் உடையது. மேற்றண்டு, அடித்தண்டு என இரு பகுதிகளாகச் செய்து, நடுவிலே திருகாணியாற் பூட்டுவர். மேற்றண்டின் நுனி ஏறக்குறைய 13 மில்லிமீற்றர் குறுக்களவுடையது. நம் உலக்கைக்கு இரும்புப் பூண் இடுவது போல, நுனி பிளவாதிருக்க அங்கும் ஒரு பூண் உண்டு. அதன்மேலேயே தோல் ஒட்டப்படும். அடித்தண்டிற் கை பற்றுமிடத்தில் ஐரிஷ் லினன் நூலை இடைவெளியின்றிச் சுற்றி அழுத்துவர். அது வியர்வையை உறிஞ்சும்; கையும் வழுக்காது.

மேற்றண்டுக்கு வட அமெரிக்காவின் வன்மேப்பிள் மரமே பழைய மரபில் உரியது. ஆண்டு வளையங்கள் நெருங்கியும், ரேகை அடியிலிருந்து நுனிவரை நேராகவும் ஓடும் கட்டையையே தெரிந்தெடுப்பர். ரேகை பக்கம் விலகி ஓடுமாயின் தண்டு நாளடைவில் வளையும். தெரிந்தெடுத்த கட்டையையும் ஒரே நாளிற் கடைந்து முடித்தலாகாது. மரத்தினுள்ளே இறுக்கங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. புறத்தே சிறிது கடைந்தவுடன் அச்சமநிலை குலைந்து மரம் முறுக விழைகின்றது. ஆகவே ஒருமுறை சிறிதளவே கடைந்து, பின் பல வாரங்கள் தொங்கவிட்டு, அது வளைவதானால் வளைய விடுவர். வளைந்ததைக் கழித்து, நேராக நின்றதை மீண்டும் சிறிது கடைவர். இவ்வாறு மாதங்கள் கழியும். சிலரிடம் ஆண்டுகளும் கழிவதுண்டு. எத்தனை தண்டுகள் இறுதிவரை தேறும் என்பதைத் தச்சன் முன்னறியான். மரமே அதனை முடிவு செய்கின்றது.

கூர்களின் இரகசியம்

பழைய கோலொன்றைக் கையிலெடுத்தோர் முதலிற் காண்பது, அடித்தண்டின் வெளிர்மரத்தினூடே மேல்நோக்கி எழும் நான்கு கரிய கூர்களையே. வேல்நுனி போன்ற அவை தீட்டிய சித்திரமோ எனத் தோன்றும். உண்மையில் அவை இரு மரங்களின் பொருத்தே ஆகும்.

கோலின் சமநிலை அடிமுனையிலிருந்து ஏறக்குறைய 18 அங்குலத்தில் அமைதல் நன்று. அதற்குப் பின்புறம் கனத்த மரமும் முன்புறம் இலேசான மரமும் வேண்டும். இரண்டையும் குறுக்கே வெட்டி முட்டவைத்து ஒட்டினால், அடிபட்ட அதிர்ச்சியிற் பிரிந்துவிடும். ஆகவே இரு கைகளின் விரல்களைக் கோத்தாற்போல, இரண்டையும் நீண்ட ஆப்புகளாக அறுத்து ஒன்றனுள் ஒன்று புகுத்தி ஒட்டினர். ஒட்டும் பரப்புப் பன்மடங்காயிற்று. பொருத்தும் உறுதி பெற்றது. இது முழுப்பொருத்து எனப்படும். மற்றையது அரைப்பொருத்து. இதில் மேப்பிள் கட்டையின் நான்கு பக்கங்களிலும் ஆப்பு வடிவான பள்ளங்களை வெட்டுவர். அப்பள்ளம் கீழே ஆழமாகத் தொடங்கி மேலே செல்லச் செல்ல ஆழங்குறைந்து மறையும். சதுர விளிம்புடைய கருமரச் சட்டங்களை அவற்றிற் பதித்து, ஒட்டு உலர்ந்தபின் முழுவதையும் கடைசற் பொறியில் உருட்சியாகக் கடைவர். கடையும்போது, ஆழமான கீழிடத்திற் கருமரம் அகன்றும் ஆழங்குறைந்த மேலிடத்தில் ஒடுங்கியும் தோன்றுவதால், கூர் தானே வெளிப்படுகின்றது.

இங்கே ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. பள்ளங்களுள் ஒன்று மயிரிழை அளவு ஆழம் மிகுந்தாலும், கட்டை கடைசற் பொறியில் நடுப்புள்ளியை விட்டுச் சிறிது விலகினாலும், நான்கு கூர்களும் ஒரே உயரத்தில் முடியா. ஒன்று நீளும்; எதிரே உள்ளது குறுகும். சட்டத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே பச்சை, செம்மஞ்சள், வெள்ளை முதலிய நிறமூட்டிய மெல்லிய மர ஏடுகளைப் பதிப்பதும் உண்டு. அவ்வேடுகள் கூரின் உச்சியிற் கோணாது சந்தித்தல் வேண்டும். எனவே அழகெனக் காண்பது வேலையின் அளவுகோலாகவும் அமைகின்றது. தச்சனின் பிழையை மறைக்க அங்கே இடமில்லை.

பலபுஷ்காவும் பிறரும்

சிக்காகோ நகரில் ஹேர்மன் ராம்போ என்பார் பிறன்ஸ்விக் நிறுவனத்திற் பணிபுரிந்து, வில்லி ஹொப்பே முதலிய பெருவீரர்களுக்குக் கோல் செய்து புகழ்பெற்றார். அந்நிறுவனத்தின் 'ரைற்லிஸ்ற்' என்னும் ஒரு துண்டுக் கோல், ஆட்டசாலைச் சுவர்களிற் பொதுப்பயனுக்காகச் சார்த்தி வைக்கப்பட்டதொன்று. அதன் முழுப்பொருத்தின் செம்மையைக் கண்ட தனித்தச்சர் பலர், அதனை வாங்கி அறுத்து, மீளக் கடைந்து, உயர்ந்த இரு துண்டுக் கோல்களாக ஆக்கினர்.

அவர்களுள் தலைசிறந்தவர் ஜோர்ஜ் பலபுஷ்கா. 1912இல் ருஷ்யாவிற் பிறந்து 1924இல் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்த இவர், மரவேலையைத் தொழிலாகக் கொண்டவர். 1959இல் நண்பரொருவருடன் சேர்ந்து புறூக்ளினில் ஓர் ஆட்டசாலையை வாங்கினார். முதலிற் கோல்களைச் செப்பனிட்டும் நண்பர்க்குப் பரிசாகச் செய்தளித்தும் வந்தவர், பின்னர் அதுவே தொழிலாகக் கொண்டார். 1961இல் வெளிவந்த 'த ஹஸ்லர்' என்னும் திரைப்படம் அவ்வாட்டத்தின்பால் மக்கள் மனத்தை மீண்டும் ஈர்த்தமையால் நற்கோல்களுக்குத் தேவையும் பெருகிற்று. ரைற்லிஸ்ற் கட்டைகளையும், பின்னர் பேர்ட்டன் ஸ்பெயின், கஸ் சம்போட்டி ஆகியோர் பொருத்திய கட்டைகளையும் கொண்டு அவர் வேலை செய்தார். 1975இல் மறையும்வரை அவர் செய்தவை ஏறக்குறைய 1,000 முதல் 1,200 வரை என மதிப்பிடுவர். அலங்காரத்தில் அவை எளியன. அவருடைய சிறப்பு அளவிலும் பொருத்திலும் சமநிலையிலும் அமைந்தது.

1986இல் வெளிவந்த 'த கலர் ஒவ் மணி' என்னும் திரைப்படத்திற் 'பலபுஷ்கா' எனக் காட்டப்பெற்ற கோல் உண்மையில் அவர் செய்ததன்று. ஜொஸ் நிறுவனம் அதனையொப்பச் செய்து கொடுத்தது. திரைக்கு வெளியே, அவர் பெயரைப் பொய்யாகத் தாங்கிய கோல்களும் சந்தைக்கு வந்தன. எழுதிய பெயரைப் பார்த்து எழுதுதல் எளிது. அதனால் அறிந்தோர் கையொப்பத்தோடு நில்லாது, கூர்களையும் திருகாணியையும் பூட்டையும் ஆராய்ந்தே உண்மை துணிகின்றனர்.

கருங்காலியின் விலை

மரத்தின் உள்வைரத்தைக் காழ் என்பது நம் பழந்தமிழ் வழக்கு. தொல்காப்பியரும் புல்லையும் மரத்தையும் பிரித்தறியக் காழையே அளவையாகக் கொண்டார். கருங்காலியின் பெருமை முழுவதும் அக்காழிலேயே உள்ளது. புறத்தேயுள்ள வெளிறு மங்கிய நிறத்தது. உள்ளேயுள்ள காழ் மட்டுமே மைபோற் கருத்து, நீரில் மிதவாது அமிழுமளவு கனமுடையது. இம்மரம் நம் வரண்ட வலயக் காடுகளிலே மிக மெதுவாக வளர்வது. ஒரு கோலின் நான்கு கூர்களுக்கு வேண்டிய காழ் சிறிதே. அச்சிறிதும் உருவாகப் பல தலைமுறைக் காலம் வேண்டும்.

குடியேற்ற ஆட்சிக் காலத்திலே தளபாடங்களுக்காகவும் ஏற்றுமதிக்காகவும் பெருமரங்கள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. இன்று அம்மரம் இலங்கையிற் சட்டத்தின் காவலில் உள்ளது. யானைத்தந்தத்தின் உலக வாணிகமும் 1989ஆம் ஆண்டின் தீர்மானத்தாற் தடுக்கப்பட்டது. பிரேசில் நாட்டு ரோஸ்மரமும் 1992 முதல் அவ்வாறே கட்டுப்படுத்தப்பட்டது. பழைய கோல்களின் பூணும் பதிப்பும் கூரும் இவற்றால் ஆனவை. ஆகவே இன்றைய தச்சர் வேறு மரங்களையும் செயற்கைப் பொருள்களையும் நாடுகின்றனர். கணினி செலுத்தும் பொறி நுண்ணிய பூவேலையைப் பதிக்கின்றது. கரிநாரினாற் செய்த மேற்றண்டு வளைவதுமில்லை. ஆடுவோர்க்கு இவை பயன்தருவன என்பதை மறுத்தல் முறையன்று.

ஆயினும் மலிவான கோல்களில் நான்கு கூர்களையும் வெறும் ஒட்டுத்தாளாக அச்சிட்டு ஒட்டுவதைக் காணுமிடத்து, இழந்தது யாதென விளங்கும். அங்கே கூருண்டு, பொருத்தில்லை. ஒரு காலத்தில் இரு மரங்களை இணைத்து வைத்த உறுப்பு, இன்று ஒன்றையும் இணைக்காத கோலமாய் நிற்கின்றது.

நம் கல்லூரி மாணவருள் மரவேலை பயில்வோர் இதனை மனங்கொள்வாராக. கதவாயினும் கதிரையாயினும் கோலாயினும், மெருகைப் பாராட்டுமுன் அதனைக் கவிழ்த்து, இரு மரங்கள் கூடுமிடத்தை நோக்குதல் வேண்டும். வீட்டின் மூலையிற் பாட்டன் காலத்துக் கருங்காலிப் பெட்டகமொன்று கிடக்குமாயின், அதனைப் பழம்பொருள் வாணிகர்க்குக் கொடுக்குமுன் அதன் பொருத்துகளை ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்பாராக. அத்தகைய மரம் இனி எளிதிற் கிடையாது. அவ்வாறு பொருத்தும் கையையாவது நம்மிடையே இருந்து மறையாது காத்துக்கொள்ளல் நம்மால் இயலும்.