சோளமா, இறுங்கா?

சென்ற ஐப்பசி மழைக்குப் பின்னர் ஒரு காலைப்பொழுதிலே அயல்வீட்டுப் பெரியவர் எமது படலையடியில் வந்து நின்றார். கையிலே வேரோடு பிடுங்கிய இளம்பயிர் ஒன்று; ஒரு சாண் உயரமிருக்கும். “மாஸ்டர், இது சோளந்தானே? வளவின்ரை பின்பக்கம் நிறைய முளைச்சுக் கிடக்குது. பசுவுக்கு அரிஞ்சு போடப் போறன்” என்றார். அவருடைய மருமகள், தமிழ்நாட்டில் அடைத்து வந்த தானியப் பொதியொன்றைக் கடையில் வாங்கியிருந்தார். வண்டு பிடித்துவிட்டபடியால் அதனை வளவிலே கொட்டிவிட்டார். பொதியின்மேல் ‘சோளம்’ என்று அச்சிட்டிருந்ததைப் பெரியவர் தம் கண்ணாலே கண்டிருக்கிறார்.

அச்சிட்டவர் பொய் சொல்லவில்லை. நாம் இலங்கையிலே சோளம் என்றும், கிழக்கிலங்கையார் சோளன் என்றும் சொல்லும் பயிரைத் தமிழ்நாட்டார் மக்காச்சோளம் என்பர். அவர்கள் வெறுமனே சோளம் என்பது நாம் இறுங்கு என்று வழங்கும் பயிராகும். மக்கா நகருக்கும் மக்காச்சோளத்தின் பிறப்புக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது மெக்சிக்கோ நாட்டிலே ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் பேணி வளர்த்தெடுத்த பயிர். கொலம்பசு 1492இல் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே அது கடல் கடந்து எம் பக்கம் வந்தது. சோளம் என்னும் சொல்லோ அதனினும் பழையது. புதிதாய் வந்த பயிருக்குப் பழைய பெயரைச் சூட்டியதனால் வந்த வினை இது. ஆதலின், பெயரை நம்பாது செடியைப் பார்க்கவேண்டும்.

நாம் முதலிற் பார்த்தது வேரடியை. இளம்பயிரின் அடியில், முளைத்த விதையின் கோது சிலகாலம் ஒட்டிக்கொண்டிருக்கும். சோளமாயின் அது பெரிதாய், தட்டையாய் இருக்கும். இறுங்காயின் சிறிதாய், உருண்டையாய் இருக்கும். பெரியவர் கொணர்ந்த பயிரின் மண்ணை உதிர்த்தபோது ஓர் உருண்டைக் கோது அகப்பட்டது. இலையையும் தடவிப் பார்த்தோம். சோள இலையின் மேற்பரப்பிலே மென்மயிர் விரலுக்குத் தட்டுப்படும். இலையும் அகன்று, ஓரம் அலையலையாய் நெளிந்திருக்கும். இறுங்கின் இலை ஒடுங்கியது, பெரும்பாலும் மயிரற்று வழுவழுப்பானது. வளர்ந்த இறுங்கின் தண்டிலே சாம்பல் பூசினாற்போன்ற வெண்மெழுகுப் படிவையும் காணலாம். மிண்டிவேரை மட்டும் அடையாளமாகக் கொள்ளலாகாது. தாழைக்குள்ளவை போன்று அடிக்கணுக்களிலிருந்து மண்ணை நோக்கி இறங்கும் அவ்வேர்கள் இரண்டிற்கும் உண்டு.

“பொறுங்கோ ஐயா, இது எங்கடை சோளமில்லை, இறுங்கு. பசுவுக்குப் போடாதேங்கோ” என்றோம். பெரியவர் திகைத்தார். இறுங்குப் பயிர் இளமையிலும், மழையின்றி வாடிய நிலையிலும், வெட்டிய பின் மீண்டும் துளிர்க்கும்போதும் நஞ்சுடையது. மாடு மென்று விழுங்கியதும் அதிலிருந்து சயனைட்டு நஞ்சு வெளிப்படும். மிகுதியாய்த் தின்ற மாடு மூச்சுத்திணறிச் சிறிது நேரத்திலேயே வீழ்ந்து மடிவதும் உண்டு. மரவள்ளியிலே இருப்பதும் இந்த நஞ்சே என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. மரவள்ளித் தழையைத் தின்ற ஆட்டின் கதையை அறியாத வீடு எம்மூரில் உண்டா? முற்றிய இறுங்கையும் நன்கு உலர்த்திய தட்டையையும் மாட்டுக்குக் கொடுப்பதில் இவ்வளவு அச்சமில்லை. சோளத்திலோ இந்த நஞ்சுபற்றிய கவலை இல்லை.

பூத்த பின்னராயின் சிறுபிள்ளையும் இவ்விரண்டையும் பிரித்தறியும். இறுங்கிலே பூவும் மணியும் எல்லாம் தலையிலேயே, ஒரே கதிரில். சோளத்திலோ ஆண்பூவுக்கு ஓரிடம், பெண்பூவுக்கு வேறோரிடம். உச்சியிலே குஞ்சம்போல விரிந்து நிற்பது ஆண் பூங்கொத்து. அது மகரந்தத்தைக் காற்றிலே தூவும். தண்டின் நடுப்பகுதியிலே, இலைக்கக்கத்தில், பல மடல்கள் போர்த்த பொத்தியாக இருப்பது பெண் பூங்கொத்து. பொத்தியின் நுனியிலே தொங்கும் பட்டுநூல் வெறும் அலங்காரமன்று. ஒவ்வொரு நூலும் உள்ளேயுள்ள ஒவ்வொரு சூலுக்குரியது. நூலின்மேல் விழுந்த மகரந்தமணி அந்நூலின் உள்ளே நுண்குழாயொன்றை வளர்த்துச் சூலை அடைந்தாலன்றி அவ்விடத்தில் மணி பிடியாது. பொத்தியை உரித்ததும் ஆங்காங்கே பல்லுதிர்ந்த வாய்போல இடைவெளி காண்கிறோமல்லவா? மகரந்தம் எட்டாத நூல்களின் கணக்கு அது. வீட்டுவளவிலே சோளம் நடுவோர் ஒரே நீள்வரிசையாக நடாது, நாலைந்து குறுவரிசைகளாகச் சேர்த்து நட்டால் இக்குறை பெரிதும் தீரும்.

இன்னொரு புதுமையும் உண்டு. பொத்தியிலுள்ள மணிவரிசைகளை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு என அநேகமாக இரட்டை எண்ணாகவே வரும். பெண் பூக்கள் சோடி சோடியாக உண்டாவதே காரணம். எம் மாணவர் சிலர் இதனை நம்பாது, வீதியோரம் அவித்து விற்கும் பொத்திகளை வாங்கி எண்ணினர். எண்ணி முடிந்தபின் பொத்திகள் என்னவாயின என்பதை நாம் விசாரிக்கவில்லை.

பெரியவர் அன்று பசுவை வளவின் பின்பக்கம் போகாதபடி கயிற்றைக் குறுக்கிக் கட்டினார். பயிரை முற்றாகப் பிடுங்கிவிடாது, வேலியோரம் பத்துப் பன்னிரண்டை மட்டும் விட்டுவைத்தார். நாம் சொன்னது மெய்யோ என்று பார்ப்பதற்காக இருக்கலாம். தை மாதத்திலே அவை ஆளுயரம் வளர்ந்து உச்சியிற் கதிர் தள்ளின. கக்கத்திலே பொத்தி ஒன்றுமில்லை. மடல் போர்த்தாத மணிகளாதலாற் கிளிகள் வந்து கொத்தத் தொடங்கின. பெரியவர் வேலியருகே நின்று எம்மை அழைத்து, ஒன்றும் பேசாது கதிரைச் சுட்டிக் காட்டினார். பின்புறத்திலே பசு வைக்கோலை அசைபோட்டுக்கொண்டு நின்றது.