படிவம் போல ஒரு நிரல்

தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்ட அதே 2000ஆம் ஆண்டில்தான் ராய் ஃபீல்டிங், கலிஃபோர்னியாவில் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இணையச் சேவைகளை வடிவமைக்கும் 'ரெஸ்ட்' முறையை விவரித்தார். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் அந்தக் கட்டடத்தைச் சுற்றி இன்று எழுதப்படும் நிரல்களில் பல, வேறொருவர் சர்வரிடம் தகவல் கேட்டு வாங்குபவை. கேட்கும் வாசல் ஏபிஐ. வாசலில் நின்று கேட்கும் நம் பக்கத்து நிரல் கிளையன்ட். ரயில் முன்பதிவுப் படிவத்தில் வண்டி எண், தேதி, வகுப்பு மட்டும் எழுதி நீட்டுகிறோம். கவுன்ட்டருக்குள் எந்தப் பட்டனைத் தட்ட வேண்டும் என்று எழுதுவதில்லை. கிளையன்ட்டும் அப்படிப் படிவமாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

தமிழ் விக்கிப்பீடியாவின் ஏபிஐயை எடுத்துக்கொள்வோம். படிப்பதற்குக் கணக்குக்கூட வேண்டாம். அதில் 'தரமணி' என்று தேடுகிறோம். கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ணகரமும் இகரக் குறியும் தனித்தனி என்பதால் ஐந்து. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. இணைய முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிய, மொத்தம் 45. இதுபோக, கேட்பது யார் என்று சொல்லும் அடையாள வரியை விக்கிமீடியா எதிர்பார்க்கிறது. பதில் ஜேசன் வடிவில் வேண்டும் என்று சொல்ல வேண்டும். இணைப்பு அறுந்தால் மறுபடி முயல வேண்டும். எழுத்தை விரிக்கும் வேலையைப் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியே பார்த்துக்கொள்ளும். மீதியைக் கவனமில்லாமல் எழுதினால் பத்து ஃபங்ஷனில் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கும். பைத்தானில் 2004 முதல் இருக்கும் டெக்கரேட்டர், அதாவது ஃபங்ஷனின் தலைமேல் ஒட்டி அதன் வேலையை மாற்றும் வரி, இங்கேதான் கைகொடுக்கிறது. அப்லிங்க் என்ற லைப்ரரியில் கிளாஸின் தலையில் அடையாள வரியை ஒருமுறை ஒட்டினால் உள்ளே இருக்கும் எல்லா ஃபங்ஷனுக்கும் அது செல்லும். ஒவ்வொரு ஃபங்ஷன் மேலும் 'கெட்' என்று ஒரு டெக்கரேட்டர், அதில் முகவரி, அடைப்புக்குள் தேடுசொல். ஃபங்ஷனின் வயிறு காலி. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே, நம் நிரல் விக்கியிடம் என்னென்ன கேட்கிறது என்று தெரிந்துவிடும். அடியில் ரிக்வெஸ்ட்ஸை எடுத்துவிட்டு ஏஐஓஹெச்டிடிபி என்ற இன்னொரு லைப்ரரியை வைத்தாலும் முகவரிகளும் தேடுசொற்களும் எழுதியபடியே இருக்கும்.

வயிறு காலி என்றால் பிழையை எங்கே தேடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், பிழைத் தடம் லைப்ரரியின் உள்ளறைகள் வழியாகப் போய்க் குழப்பும். ஆனால் நாம் எழுதியது ஐந்தாறு வரி, சந்தேகப்பட வேண்டிய இடமும் அவ்வளவுதான். இதைவிடக் கனமான ஆட்சேபம் விக்கியிடமிருந்தே வருகிறது. கேள்வி தப்பாக இருந்தாலும் அந்த ஏபிஐ பெரும்பாலும் 200 என்ற எண்ணோடு, அதாவது எல்லாம் சரி என்றே பதில் அனுப்பும். பிழைச் செய்தி பதிலுக்குள் ஒளிந்திருக்கும். படிவத்துக்கு இது தெரியாது. பதிலைப் பிரித்துப் பார்க்கும் ஃபங்ஷன் ஒன்றை நாமே எழுதி, டெக்கரேட்டராக மாட்ட வேண்டும். தேடல் முடிவுகளும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 500தான் வரும். அடுத்த கட்டைக் கேட்க, முந்தைய பதிலில் வந்த தொடர்ச்சிக் குறியைத் திருப்பித் தர வேண்டும். இதையும் டெக்கரேட்டருக்குள் திணிக்க முயல்கிறவர்கள் பைத்தானுக்குள் இன்னொரு மொழியைக் கட்டிவிடுகிறார்கள், அதைப் படிக்க அவர்களுக்கே ஆறு மாதம் கழித்து அகராதி தேவைப்படும். கிளாஸுக்கு வெளியே சாதாரண வொய்ல் லூப் ஒன்று, நாலு வரியில், போதும். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுத் தூக்கிப்போடும் நிரலுக்கோ கிளாஸே வேண்டாம்; ஒரு டிக்கெட்டுக்காக யாரும் படிவம் அச்சடிப்பதில்லை.