கணவருக்கு உயிரணு இல்லையா? தானமாக பெற்று தாயாவது எப்படி? கையெழுத்து போடும் முன் தெரிய வேண்டியவை

கல்யாணமாகி ஆறு மாதம் தாண்டினால் போதும். "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி ஆரம்பித்து விடும். ஒரு வருஷம் போனால் கோவில் கோவிலாக வேண்டுதல். மூன்று வருஷம் போனால் புகுந்த வீட்டில் பேச்சு தடிக்கும். பக்கத்து வீட்டு வளைகாப்பில் கூட முன்னால் நிற்க விடமாட்டார்கள். இத்தனையும் பெண்ணுக்குத்தான். ஆணை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆனால் குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதி பேரிடம் ஆண் பக்க குறையும் இருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். அதை கண்டுபிடிக்கும் சோதனையோ ரொம்ப சுலபம். ஊசி இல்லை, வலி இல்லை. 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்து, லேப்பில் கொடுக்கும் டப்பாவில் எடுத்து கொடுத்தால் முடிந்தது. செலவும் குறைவு.

இதற்கு கூச்சப்பட்டு மனைவியை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய விடும் கணவர்கள் ஏராளம். ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று அவளுக்கு எல்லாம் பார்த்து முடித்த பிறகு, கடைசி ஆளாக அவர் வருகிறார். முதல் ஆளாக வந்திருந்தால் பாதி பணமும், பாதி அழுகையும் மிச்சம்.

பூஜ்யம் என்று வந்தால்...

1 மில்லி விந்தில் குறைந்தது 1 கோடியே 60 லட்சம் உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின் அளவு. இதை விட குறைந்தால் மருந்து, மாத்திரை, மற்ற சிகிச்சைகள் என்று வழி இருக்கிறது. சிலருக்கு ரிப்போர்ட்டில் ‘நில்’ என்றே வரும். அதாவது ஒரு உயிரணு கூட இல்லை. இதற்கு பெயர் ‘அசூஸ்பெர்மியா’. நூறு ஆண்களில் ஒருவருக்கு இது இருக்கலாம்.

இதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தம் இல்லை. தாம்பத்தியத்தில் எந்த குறையும் இல்லாதவருக்கும் உயிரணு பூஜ்யமாக இருக்கும். விடலை வயதுக்கு பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி, சிறு வயதில் கீழே இறங்காமல் போன விரை, பிறவியிலேயே உள்ள மரபணு கோளாறு, புற்றுநோய்க்கு எடுத்த சிகிச்சை என பல காரணங்கள்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். விரையில் உயிரணு உற்பத்தியாகி, வரும் பாதையில் அடைப்பு இருந்தால் ஊசி மூலம் உறிஞ்சி எடுத்து சோதனைக்குழாய் முறையில் சொந்த குழந்தையே பெறலாம். ஆனால் அதற்கு லட்சத்தை தாண்டி செலவாகும். உற்பத்தியே இல்லாதவர்கள், அவ்வளவு பணத்துக்கு வழி இல்லாதவர்கள் முன்னால் இருப்பது இரண்டு. ஒன்று தத்து. இன்னொன்று தானமாக கிடைக்கும் உயிரணு.

தம்பியிடம் வாங்கலாமா?

இந்த இடத்தில் பல வீடுகளில் ஒரு யோசனை வரும். "வெளி ஆள் எதுக்கு? தம்பிகிட்ட வாங்கிக்கலாமே, நம்ம ரத்தமாவது இருக்கும்."

கூடாது. சொந்தக்காரர், தெரிந்தவர் உயிரணுவை பயன்படுத்தக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2005-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2022 ஜனவரி 25-ந்தேதி அமலுக்கு வந்த செயற்கை கருத்தரிப்பு ஒழுங்குமுறை சட்டப்படி, பதிவு பெற்ற வங்கியில் இருந்துதான் பெற வேண்டும். தம்பி நாளைக்கு ‘என் பிள்ளை’ என்று வந்து நின்றால் அந்த குடும்பம் என்ன ஆகும்?

தானம் கொடுப்பவருக்கு வயது 21 முதல் 55-க்குள் இருக்க வேண்டும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, மேக நோய் ஆகிய சோதனைகள் கட்டாயம். கொடுத்ததும் உடனே பயன்படுத்துவதில்லை. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரி குளிரில் உறைய வைத்து, 6 மாதம் கழித்து அவருக்கு மறுபடியும் சோதனை செய்த பிறகே வெளியே வரும். எச்.ஐ.வி. கிருமி ஆரம்பத்தில் சோதனையில் தெரியாமல் ஒளிந்திருக்கும் என்பதால்தான் இந்த காத்திருப்பு.

‘தாராள பிரபு’ என்ற படம் 2020-ல் வந்தது. அதில் ஹீரோவின் தானத்தால் ஏகப்பட்ட குழந்தைகள் பிறக்கும். இப்போது அது நடக்காது. ஒருவர் கொடுத்ததை ஒரு தம்பதிக்கு மேல் வங்கி தரக்கூடாது என்கிறது சட்டம்.

கொடுத்தவர் பெயர், ஊர் சொல்லமாட்டார்கள். ரத்த வகை, நிறம், உயரம் பார்த்து பொருத்தமானதை எடுப்பார்கள். சாதி என்னவென்று கேட்பவர்களும் உண்டு. எந்த மைக்ராஸ்கோப்பிலும் அது தெரியாது.

இருவர் கையெழுத்து

தானம் பெற்ற உயிரணு மூலம் கருவூட்டல் நடந்ததாக தெரிந்த முதல் சம்பவம் 1884-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்தது. மனைவிக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒரு மருத்துவ மாணவரின் விந்தை செலுத்தினார் டாக்டர். கணவருக்கே பிறகுதான் சொன்னார். மனைவியிடம் சொல்லவே இல்லை. விஷயம் வெளியே வந்தது 1909-ல்.

இப்போது அப்படி செய்தால் குற்றம். கணவன்-மனைவி இருவரும் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். உயிரணுவை உள்ளே செலுத்தும் நிமிடம் வரை சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். மாமியார் அவசரப்படுத்துகிறார் என்று கையெழுத்து போட வேண்டாம். ‘என் பிள்ளைதானா’ என்ற எண்ணம் கணவர் மனதில் ஒரு ஓரத்தில் இருந்தாலும் தள்ளி வைத்து விட்டு, கவுன்சிலிங்கில் மனம் விட்டு பேசுவது நல்லது. குடித்து விட்டு ஒரு நாள் வாயை விட்டால், அடி வாங்குவது அந்த குழந்தை.

பிறக்கும் குழந்தை சட்டப்படி அந்த தம்பதியின் சொந்த குழந்தை. சொத்து உள்பட எல்லா உரிமையும் உண்டு. தானம் கொடுத்தவர் உரிமை கொண்டாட முடியாது. மனைவிக்கு வயது 21 முதல் 50-க்குள்ளும், கணவருக்கு 21 முதல் 55-க்குள்ளும் இருக்க வேண்டும். கணவர் இல்லாத பெண்ணும் தனியாக இந்த சிகிச்சை பெறலாம்.

புரோக்கர் யாராவது ‘நான் ஏற்பாடு பண்றேன்’ என்று வந்தால் விரட்டி விடுங்கள். 2022-ல் ஈரோட்டில் 16 வயது சிறுமியின் கருமுட்டையை எடுத்து விற்ற விவகாரத்தில் பெற்ற தாயே கைதானது நினைவிருக்கும். இடைத்தரகர் மூலம் உயிரணு, கருமுட்டை வாங்கும் ஆஸ்பத்திரிக்கு முதல் முறை 5 லட்சம் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 3 முதல் 8 ஆண்டு வரை ஜெயில். ஆஸ்பத்திரியின் பதிவு சான்றிதழையும், எந்த வங்கியில் இருந்து வருகிறது என்ற விவரத்தையும் தைரியமாக கேட்கலாம்.

எப்படி செய்கிறார்கள்?

ஐ.யு.ஐ. என்கிறார்கள். ஆபரேஷன் இல்லை, மயக்க மருந்தும் தேவை இல்லை. ஆனால் மனைவிக்கு ஒரு கருக்குழாயாவது திறந்திருக்க வேண்டும்.

மாதவிலக்கான 2-வது நாளில் ஸ்கேன். முட்டை வளர மாத்திரை தருவார்கள். 9, 10-வது நாளில் இருந்து ஒன்று விட்டு ஒரு நாள் ஸ்கேன். முட்டைப்பை 18 முதல் 20 மில்லி மீட்டர் வளர்ந்ததும் அது வெடிக்க ஒரு ஊசி. அதில் இருந்து சுமார் 36 மணி நேரத்தில் வரச்சொல்வார்கள். உறைந்த உயிரணுவை உருக்கி, சுத்தம் செய்து, அரை மில்லிக்கும் குறைவாக ஒரு மெல்லிய குழாய் மூலம் கர்ப்பப்பையில் செலுத்துவார்கள். ஐந்து நிமிட வேலை. கால் மணி நேரம் படுத்திருந்து விட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வரலாம். மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும் என்பது வீண் பயம்.

முதல் தடவையே நிற்கும் என்று நம்பி கடன் வாங்கக்கூடாது. ஒரு தடவைக்கு 100 பேரில் 10 முதல் 20 பேருக்குத்தான் கரு தங்கும். மனைவிக்கு 35 வயதை தாண்டினால் இன்னும் குறையும். அதனால் 4 முதல் 6 தடவை வரை முயற்சிப்பார்கள். சோதனைக்குழாய் முறையை விட செலவு ரொம்ப குறைவு என்றாலும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு நாள் கூலி போகும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

15-வது நாளில் ரத்த சோதனையில் கர்ப்பமா இல்லையா என்று தெரிந்து விடும். இல்லை என்றால் டாக்டர் தந்த ஹார்மோன் மாத்திரையை நிறுத்தி, மாதவிலக்கு வந்த 2-வது நாளில் மறுபடியும் ஸ்கேனுக்கு போக வேண்டும். அன்றைக்கு கணவரும் கூட வந்தால், ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.