மெய்நிகர்க் கருவி இருண்டால்

தலையில் அணியும் மெய்நிகர்க் கருவி விளையாட்டுக் கணினியோடு இணைய மறுத்தால், கருவியே பழுதுற்றதென எண்ணிக் கைவிடுதல் தகாது.

2019 இல் வெளிவந்த வால்வ் இன்டெக்ஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் தவிர, அதற்கு இரு வழிகள் உள. கணினி வரையும் காட்சி டிஸ்பிளேபோர்ட் வடத்தின் வழியே கண்ணுக்குச் செல்கிறது. தலையசைவுச் செய்தி யூ.எஸ்.பி. வழியே கணினிக்கு மீள்கிறது.

தலையசைவைக் கணினி அறிந்தும் திரை இருண்டிருப்பின், முதல் வழியை ஆராய்தல் வேண்டும். காட்சி வடத்தைத் தாய்ப்பலகையிலன்றி, காட்சியட்டையிலேயே செருகுதல் முறை. படம் தோன்றியும் தலையைப் பின்தொடராவிடின், அறையில் ஒளி வீசும் நிலையங்களை ஏதேனும் மறைக்கின்றதா என நோக்குக, பின்னர் யூ.எஸ்.பி. வடத்தை வேறொரு துளையில் இடுக.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. அன்றேல், குறை நீங்கினும் காரணம் விளங்காது.