கட்டளை மொழியும் நிருவாக உழைப்பும்: லிங்க் சேவையகம் பற்றிய சில சிந்தனைகள்

தொலைபேசி அழைப்பு, உடனடிச் செய்தி, தொலைக் கூட்டம் ஆகியவற்றை ஒரே அமைப்பினுள் இணைத்து இயக்குவது ஒருங்கிணைந்த தொடர்பாடற் சேவையகம் எனப்படும். மைக்ரோசொஃப்ற் நிறுவனம் 2010 இல் வெளியிட்டு, 2015 இல் ஸ்கைப் ஃபோர் பிசினஸ் எனப் பெயர் மாற்றிய லிங்க் சேவையகம் இவ்வகையினது. இதனை நிருவகிக்க இரு வழிகள் இருந்தன: ஒன்று, திரையிற் பொத்தான்களை அழுத்தும் கட்டுப்பாட்டுப் பலகை, மற்றையது, எழுத்தாலான கட்டளை மொழி. எவ்வழி எளிது என்பதிலும் பார்க்க, அவை உழைப்பையும் அறிவையும் அதிகாரத்தையும் எவ்வாறு பங்கிடுகின்றன என்பதே நாம் ஈண்டு நோக்கத்தக்க வினாவாகும்.

இக்கட்டளை மொழி 2006 இல் வெளியான பவர்ஷெல்லை அடித்தளமாகக் கொண்டது. வினை முன்னும் பெயர் பின்னுமாக ஒவ்வொரு கட்டளையும் அமையும். ‘கெட்-சிஎஸ்யூசர்’ பயனாளரைத் தேடியெடுக்கும். ‘கிராண்ட்-சிஎஸ்வொய்ஸ்பொலிசி’ அழைப்புக்குரிய விதியை அவருக்கு வழங்கும். இரண்டையும் ஒரு செங்குத்துக் கோட்டால் இணைப்பின், முன்னதன் விளைவு பின்னதன் உள்ளீடாகின்றது. யுனிக்ஸ் அமைப்பில் 1973 இல் நடைமுறைக்கு வந்த இவ்விணைப்பு முறை எழுத்துத் தொடரையே கடத்திற்று. பவர்ஷெல்லோ பெயர், எண், பிரிவு முதலிய பண்புகளோடு கூடிய பொருளையே கடத்துகின்றது. எனவே, நிதிப் பிரிவினர் அனைவருக்கும் புதிய விதியொன்றை வழங்க, ஆளுக்கொரு முறை பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. ஒரு வரி போதும்.

கட்டுப்பாட்டுப் பலகையும் உள்ளூர இதே கட்டளைகளையே இயக்கியது என்பது மனங்கொள்ளத்தக்கது. பொத்தான் செய்முறையை மறைக்கின்றது. கட்டளையோ அதனை வாசிக்கத்தக்க எழுத்தாக வெளிப்படுத்துகின்றது. கோப்பிற் சேமித்த கட்டளை நிரல், ஒருவரது கைப்பழக்கமாகத் தேங்கிய அறிவைப் பலரது பொது உடைமையாக்க வல்லது.

எனினும் ஒரு வரியின் ஆற்றலே அதன் அபாயமுமாகும். தேர்வு நிபந்தனை பிழைப்பின், பிழையும் அனைவரையும் சென்றடையும். இதனாலேயே, மாற்றத்தைச் செய்யாது அதன் விளைவை மட்டும் முன்கூட்டிக் காட்டும் ‘வட்இஃப்’ என்ற கூறு பயன்படுத்தப்படுகின்றது. அதிகாரமும் படிநிலைப்படுத்தப்பட்டது: உதவிப் பிரிவினர் பயனாளர் விபரங்களைப் பார்க்கலாம், மாற்றவியலாது; பயனாளர் நிருவாகி இருக்கும் விதிகளை வழங்கலாம், திருத்தவியலாது. ஆயினும் இவ்வரம்புகள் தொலைவிலிருந்து பணியாற்றுவோரையே கட்டுப்படுத்தின. சேவையகத்தின் முன்னரே அமர்ந்திருப்பவரைக் கட்டுப்படுத்தவில்லை. கருவி எவர் கையில் உள்ளதோ அவரிடமே இறுதி அதிகாரமும் தங்குகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இம்முரண்பாடு உடைமையின் தளத்திலும் வெளிப்படுகின்றது. பவர்ஷெல்லின் மூல நிரல் 2016 இல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. சேவையகமோ நிறுவனத்தின் தனியுடைமையாகவே நீடித்தது. அதன் 2015, 2019 ஆம் ஆண்டுப் பதிப்புகளுக்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்தப்பட்டது. தொடர விரும்பியோர்க்குச் சந்தா முறைப் பதிப்பே வழியாயிற்று. கருவியின் ஆயுளை உடைமையாளர் தீர்மானிக்கின்றார். உழைப்போர் கையில் எஞ்சுவது அவர்கள் கற்ற மொழியும் எழுதிவைத்த நிரல்களுமேயாம். அவற்றைத் தமக்குள் மறைத்துவைப்பதா, பகிர்ந்துகொள்வதா என்பது தொழில்நுட்பம் சார்ந்த வினா மட்டுமன்று. அது ஒரு சமூக வினாவுமாகும்.