உங்களுக்குத் தெரியுமா? – கொட்டிலா, திறந்தவெளியா?

வாசுதேவநல்லூரில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். அந்த அடிவாரத்துக் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் ராத்திரியில் புகுந்து கிளறிவிட்டுப் போகும் காட்டுப்பன்றியும், ஊர் ஓரத்தில் குப்பை மேடு தேடும் கறுப்பு நாட்டுப்பன்றியும், பண்ணைக் கொட்டிலில் நிற்கும் வெண்பன்றியும் ஒரே இனம்! உருவமும் நிறமும் வேறானாலும் மூன்றுக்கும் சாகும்வரை விடாத பழக்கம் ஒன்றுதான்: மூக்கால் மண்ணைக் கிளறுவது.

◆

அந்த மூக்கை ஏராகவே பயன்படுத்திக்கொண்டார்கள் நம் மலைக்குறவர்கள். காந்தள் கிழங்குக்காகப் பன்றிகள் கிண்டிப்போட்ட புழுதியில், தனியாக உழாமலே அவர்கள் தினை விதைத்த காட்சி புறநானூற்றின் 168ஆம் பாடலில் வருகிறது. பாடியவர் கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார்.

◆

பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த வெண்பன்றிக்குக் காட்டுக் குணம் மறந்துபோயிருக்குமா? ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஸ்டோல்பா, வுட்-கஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பண்ணைப் பன்றிகளை மரமும் புதரும் சேறும் உள்ள பெரிய வேலிக்குள் விட்டுக் கவனித்தார்கள். 1989இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை சொல்வது: பகல் பொழுதில் பாதிக்கு மேல் மேய்வதிலும் மண்ணைக் கிளறுவதிலுமே போனது. படுக்கிற இடத்தை அவை அசுத்தம் செய்யவில்லை; தள்ளிப் போய்த்தான் சாணமிட்டன. பன்றி அசுத்தமான பிராணி என்று சொல்கிறோம். ஒதுங்கிப் போக இடமில்லாமல் அடைத்து வைத்துவிட்டு அப்படிச் சொல்வது நியாயமே இல்லை.

◆

பிறந்த பன்றிக்குட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான். வெளியில் பிறக்கும் குட்டி மண்ணை நக்கி, கிளறித் தின்று மீதியைத் தேடிக்கொள்கிறது. சிமெண்ட் தரையில் பிறக்கும் குட்டிக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது. சில நாட்களிலேயே ரத்தசோகை வந்து வெளுத்துவிடும். அதனால்தான் கொட்டிலில் பிறந்த குட்டிக்கு முதல் வாரத்திலேயே இரும்பு ஊசி போடுகிறார்கள்.

◆

பன்றிக்கு வியர்த்து உடம்பு குளிர்வது கிடையாது. சித்திரை வெயிலில் அது சேற்றில் புரளுவது உயிர் பிழைக்கத்தான். உடம்பில் ஒட்டிய சேறு மெல்லக் காய்வதால், வெறும் தண்ணீரைவிட அதிக நேரம் குளிர்ச்சி தரும். கறுப்புத் தோல் வெயிலைத் தாங்கும். வெள்ளை யார்க்‌ஷயர் போன்ற இனங்களுக்கோ தோல் வெந்துவிடும். திருநெல்வேலி, தென்காசிச் சீமையில் வெண்பன்றியைத் திறந்தவெளியில் விடுகிறவர் முதலில் நிழலுக்கும் சேற்றுக்குழிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

◆

சினைக்காலம் 114 நாள்: 3 மாதம், 3 வாரம், 3 நாள். குட்டி போடுவதற்கு முந்தின நாள் தாய்ப்பன்றி வைக்கோல், சருகு, குச்சி எல்லாம் வாயில் கவ்விவந்து படுக்கை அமைக்கும். ஒன்றுமே இல்லாத வெறுந்தரையிலும் காலால் பறித்துப் பறித்துப் பார்க்கும். மேல்நாட்டுப் பெரும் பண்ணைகளில் சினைப்பன்றியைச் சுமார் 60 செ.மீ. அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள கம்பிக்கூண்டில் மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். அதற்குள் திரும்பி நிற்கக்கூட முடியாது. 1999இல் பிரிட்டன் இதைத் தடை செய்தது. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், சினையான முதல் 4 வாரங்களுக்கு மேல் கூண்டில் வைக்கக் கூடாது. இன்று பிரிட்டனின் தாய்ப்பன்றிகளில் சுமார் 40 சதவீதம் வயல்வெளியில்தான் குட்டி போடுகின்றன. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், அசையப் போதிய இடமில்லாத கூண்டில் எந்தப் பிராணியை அடைப்பதையும் குற்றம் என்கிறது. பன்றிக்கும் அது பொருந்தும்.

குட்டி போடும் சமயத்திலும் தாயைக் கூண்டில் அடைப்பதுண்டு; புரண்டு படுத்துக் குட்டியை நசுக்கிவிடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பயம் உண்மையானதுதான். ஆனால் கொட்டில் சுவரை ஒட்டி, தரையிலிருந்து 20 முதல் 25 செ.மீ. உயரத்தில் ஒரு காப்புக் கம்பி ஓடவிட்டால், குட்டிகள் அதற்கடியில் ஒதுங்கித் தப்பித்துக்கொள்ளும்.

◆

அடைபட்டுச் சலித்த பன்றிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறும். இதற்குப் பயந்து குட்டியிலேயே வாலை வெட்டிவிடும் பண்ணைகள் உண்டு. கிளறிப் பார்க்கக் கொஞ்சம் வைக்கோல் போட்டாலே கடி வெகுவாகக் குறைகிறது.

◆

அப்படியானால் ஊருக்குள் அவிழ்த்து விட்டுவிடலாமா? கூடவே கூடாது. மேய்ச்சல் என்றால் வேலிக்குள், தீனி போட்டு, கண்காணித்து வளர்ப்பது. தெருவில் விடுவது பராமரிக்காமல் கைவிடுவது.

நாடாப்புழுவின் கதையைக் கேட்டால் இது விளங்கும். திறந்தவெளியில் கிடக்கும் மனித மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் புழுவின் கட்டிகள் உருவாகின்றன. அந்த இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடுகிறவரின் குடலில் நாடாப்புழு வளர்கிறது. அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டைகள், கழுவாத கை வழியாகவும் பச்சைக் காய்கறி வழியாகவும் இன்னொருவர் வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பு வரவழைக்கின்றன. வாழ்நாளில் புலாலே தொடாதவருக்கும் இந்த வலிப்பு வருவது இப்படித்தான். இந்த நோய் பரவியுள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பன்றியைக் குற்றம் சொல்லி என்ன பயன்? வீட்டுக்கு வீடு கழிப்பறையும், பன்றிக்கு ஒரு வேலியும் இருந்தால் இந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

◆

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், வேலூர் வட்டாரத்தில். நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் கொக்கு, நாரையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் கிருமியை எடுத்து மனிதருக்குக் கொடுக்கின்றன. கொட்டில் கட்டினால் மட்டும் கொசு நிற்காது. அந்தக் கொட்டில் குடியிருப்பை விட்டு விலகி இருக்க வேண்டும்.

◆

அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. 2022 ஜூலையில் வெளிமாநிலப் பன்றிகள் உள்ளே வரக் கேரளம் தடை விதித்தது; அதே மாதம் வயநாட்டுப் பண்ணைகளை இந்நோய் தாக்கியது. 2023 ஜனவரியில் நீலகிரி முதுமலையில் காட்டுப்பன்றிகளே செத்து விழுந்தன. மனிதரை இந்நோய் தொடாது. பன்றிக்கு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. எனவே மலையோரத்தில் திறந்தவெளியில் வளர்ப்பவர் காட்டுப்பன்றி மூக்கை உரச முடியாதபடி இரட்டை வேலி போடுவது அவசியம். ஹோட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைக்காமல் தீனியாகப் போடவே கூடாது.

◆

தென்பாண்டிச் சீமையில் சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிட்ட பன்றியை வருஷம் முழுக்க ஊரே தீனி போட்டு வளர்ப்பது உண்டு. சாமிக்கு ஏற்ற பிராணியை வளர்த்துப் பிழைத்தவர்களைத்தான் சாதியின் பேரால் தள்ளி வைத்தோம். அவர்கள் கைப்பழக்கத்தில் உள்ள அறிவை, அதாவது எந்த நாட்டுப்பன்றி எந்தத் தீனியில் தேறும், எந்தத் தாய் குட்டியைக் காக்கும் என்பதை, யாரும் மதித்துக் கேட்டு எழுதிவைக்காதது பெரிய இழப்பு.

◆

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பன்றிகள் சுமார் 90 லட்சம். 2012ஐவிட 12 சதவீதம் குறைவு. முதலிடம் அசாமுக்கு.

◆

தெருவும் வேண்டாம், கூண்டும் வேண்டாம் என்பதற்கு, நம் நாட்டில் பன்றிக் கொட்டிலுக்குச் சொல்லப்படும் பரிந்துரையிலேயே வழி இருக்கிறது. குட்டி போட்ட தாய்க்குக் கூரையடியில் 7 முதல் 9 சதுர மீட்டர், அதை ஒட்டிய திறந்த முற்றத்தில் 8.8 முதல் 12 சதுர மீட்டர். ஆனால் முற்றத்துக்கும் சிமெண்ட் பூசிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதில் ஒரு பகுதியையாவது மண்ணாக விடுங்கள். ஒரே மண்ணில் தொடர்ந்து விட்டால் குடற்புழு முட்டைகள் வருஷக்கணக்கில் தங்கும் என்பதால், இடத்தை மாற்றி மாற்றி விடுங்கள். வாசுதேவநல்லூர், சிவகிரி, புளியங்குடிப் பக்கம் பண்ணை தொடங்க நினைப்பவர்கள் உள்ளாட்சி அனுமதியை முதலில் கேட்டுக்கொண்டு, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒருமுறை போய் விவரம் கேட்டுவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள்.